டீசல் டிசையர் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்ப்பதும் ஆகும் செலவும்

மாருதியின் முதல் ஸ்விஃப்ட் டிசையர் கார் வந்தது 2008 மார்ச்சில். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் டிசையர் நின்றுபோனது. இடைப்பட்ட மூன்று தலைமுறை வண்டிகளிலும் டீசல் இன்ஜின் ஒன்றுதான்: ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். 1,248 சி.சி., நான்கு சிலிண்டர், 16 வால்வு, 75 பி.எஸ். சக்தி, 2,000 ஆர்.பி.எம்.மில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஸ்விஃப்ட், ரிட்ஸ், டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ என்று பல வண்டிகளில் இதே குடும்பத்து இன்ஜின் ஓடியதால் பார்ட்ஸுக்கும் வேலை தெரிந்த கைக்கும் பஞ்சமில்லை. ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜின் மூன்று லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஆனாலும் பழைய டிசையர் வாங்கியவர்கள் பலர் முதல் ஆண்டிலேயே ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று செலவு செய்துவிட்டுத் தலையில் கை வைக்கிறார்கள். அதில் பாதி, தேவையில்லாமல் மாற்றிய பார்ட்ஸின் விலை. கிழிந்தது ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஓஸ், மாற்றியது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் டர்போ. தேய்ந்தது வாஷர், மாற்றியது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். ஆகவே இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு குறைந்த சோதனையை முதலிலும் காசு கூடிய சந்தேகத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள்.

தொகைகள் எல்லாம் தனியார் பட்டறையில், ஒரிஜினல் அல்லது அதற்கு ஈடான பார்ட்ஸ் போட்டு, கூலியும் சேர்த்து ஆகும் உத்தேசக் கணக்கு. ஊருக்கு ஊர் முன்பின் இருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கூடுதலாகும்.

எந்தப் பழுதாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம்

வண்டி ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் வீட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். இன்னொரு நாள் போங்கள்.

டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இந்த இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஆயில் மூன்று லிட்டர் அளவுதான் பிடிக்கும். ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. டர்போ, செயின் டென்ஷனர், ராக்கர் மூன்றும் அந்தக் கொஞ்ச ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. அளவு மேல்கோட்டைத் தாண்டி, மோந்து பார்த்தால் டீசல் வாடையும் அடித்தால் ஆயிலோடு டீசல் கலக்கிறது. அப்படியே ஓட்டக் கூடாது.

பிறகு ஸ்கேன். பட்டறையில் 300 முதல் 500 ரூபாய். வெறும் பிழைக் குறியீட்டை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வராதீர்கள். இன்ஜின் ஓடும்போது ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்), நான்கு இன்ஜெக்டரின் கரெக்‌ஷன் அளவு (ஒவ்வொன்றின் டீசலையும் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் அளவு), பூஸ்ட் பிரஷர் (டர்போ தரும் காற்றழுத்தம்), கூலன்ட் சூடு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடு எந்தச் சென்சார் புகார் சொல்கிறது என்று மட்டும் காட்டும். அந்தச் சென்சார்தான் பழுது என்று அதற்கு அர்த்தமில்லை.

ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றால் பேட்டரியும் ஒயரும். நின்ற நிலையில் பேட்டரி 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. வோல்ட் நன்றாக இருந்தும் சுற்றவில்லையா? டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரை இறுக்குங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவது அதற்கப்புறம். கார்பன் பிரஷ், புஷ் மாற்ற 1,200 முதல் 2,500 ரூபாய்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. இப்படிப் பாருங்கள்:

1. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு மினுக்கினால் மாற்றுச் சாவியால் முயலுங்கள். சாவிக்குள் இருக்கும் சிப் கெட்டாலும் வண்டி பிடிக்காது.

2. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் லேசாகக்கூட அசையவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரையும் அதன் ஒயர் கப்ளரையும் பாருங்கள். இன்ஜின் சூடேறியதும் நின்று, ஆறியபின் பிடிக்கும் வண்டிகளிலும் பெரும்பாலும் இதுதான். சென்சார் 1,500 முதல் 3,000.

3. டீசல் ஃபில்டர் மாற்றி எத்தனை கிலோமீட்டர்? 20,000-க்கு மேல் என்றால் கேள்வியே வேண்டாம், மாற்றுங்கள். 1,000 முதல் 1,800 ரூபாய். அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தங்கும்.

4. ஃபில்டருக்குப் போகும் குழாய் இணைப்புகளில் காற்று நுழைகிறதா பாருங்கள். ராத்திரி நின்றால் காலையில் நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கிறது, பகலில் உடனே பிடிக்கிறது என்றால் டீசல் பின்வாங்குகிறது. வண்டி ஓடும்போது ஈரம்கூடத் தெரியாத ஒரு ஓட்டை இதற்குப் போதும்.

5. இத்தனையும் சரி என்றால் சுற்றும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு என்று ஸ்கேனரில் பாருங்கள். 150 முதல் 200 பாரை (பார் என்பது அழுத்த அளவு) தொடாவிட்டால் இன்ஜெக்டர் திறக்காது. எங்கோ பிரஷர் கசிகிறது. அடுத்த பகுதி அதற்குத்தான்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் காலையில் மட்டும் அடம்பிடித்து வெள்ளைப் புகையோடு பிடித்தால், குளிரில் இன்ஜினின் உட்புறத்தைச் சூடேற்றும் குளோ பிளக். ஒன்று 500 முதல் 900 ரூபாய், மொத்தம் நான்கு. கழற்றும்போது உள்ளேயே முறிந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கும் நிலை வரும். இன்ஜின் சூடாக இருக்கும்போது, முந்தின நாளே துருநீக்கி அடித்து வைத்துவிட்டு, மெல்லக் கழற்ற வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ வண்டி பிடிக்காததற்குக் குளோ பிளக்கைக் குறை சொல்வது அநேகமாகத் தப்புக் கணக்கு.

ஐடிலில் நடுக்கம், மிஸ்ஸிங்

ஐடிலில் ஸ்டீயரிங்கும் சீட்டும் அதிர்கின்றன, 1,500 ஆர்.பி.எம். தாண்டினால் சரியாகிவிடுகிறது. பட்டறையில் உடனே “இன்ஜெக்டர் போச்சு” என்பார்கள். பாதி நேரம் உண்மை. மீதி நேரம் இன்ஜின் மவுன்ட் ரப்பர். பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். இன்ஜின் முன்னும் பின்னும் எகிறினால் மவுன்ட். ஒன்று 1,500 முதல் 3,500 வரை ஆகும்.

மவுன்ட் நன்றாக இருந்தால் இன்ஜின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு நான்கு இன்ஜெக்டரின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் கழுத்தைச் சுற்றித் தார் உருகிக் காய்ந்தது போலக் கறுப்பாக, பளபளவென்று கட்டி கட்டியாக இருந்தால் தாமிர வாஷர் விட்டுவிட்டது. எரிந்த வாயு அந்த இடுக்கு வழியாகச் “சுஃப், சுஃப்” என்று தள்ளும். குளிர்ந்த இன்ஜினில் காது வைத்தால் தெளிவாகக் கேட்கும். வண்டிக்குள் டீசல் புகை வாடையும் வரும். வாஷர் விலை நூறு ரூபாய்க்குள். வேலைக் கூலி ஓர் இன்ஜெக்டருக்கு 500 முதல் 1,000. வாஷர் உட்காரும் வட்டத்தைக் கட்டர் போட்டுச் சுத்தம் செய்யாமல் புது வாஷரைப் போட்டால் மூன்று மாதத்தில் மறுபடி கசியும். கிளாம்ப் போல்ட்டும் புதிதாகவே போடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் கரி இறுகி இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இழுவைக் கருவி, லேத் என்று ஐந்தாறாயிரம் தனியாகப் போகும்.

கசிவும் இல்லையா? இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலை அளக்கும் லீக்-ஆஃப் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் தலையிலிருந்தும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, பதிலுக்கு ஒரே அளவுள்ள நான்கு சிறு டியூபுகளைச் செருகி, நான்கு சின்னத் தண்ணீர் பாட்டிலில் விடுங்கள். டேங்குக்குப் போகும் பக்கத்தை அடைத்துக்கொள்ள வேண்டும். இன்ஜினை மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். நான்கிலும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இன்ஜெக்டர்கள் நல்ல நிலை. ஒன்றில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு சேர்ந்திருந்தால் குற்றவாளி அதுதான். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் சுற்றும்போதே ஒரு பாட்டிலில் டீசல் பீறிட்டால் ரெயில் பிரஷர் ஏறாததற்குக் காரணம் அந்த ஒற்றை இன்ஜெக்டர். பம்ப்பைத் தொட வேண்டாம்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பழைய அம்பாசடர், டிராக்டர் இன்ஜினில் மிஸ்ஸிங் பார்க்க, ஓடும்போதே ஒவ்வொரு டீசல் பைப் நட்டாகத் தளர்த்துவார்கள். ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் இந்தக் காமன் ரெயில் இன்ஜினில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. இதன் ரெயிலில் 1,600 பார் வரை பிரஷர் ஏறும். ஊசி முனையளவு கசிவு தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே பைப்பில் கை வையுங்கள்.

இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் பார்க்க ஒன்றுக்கு 300 முதல் 500. நாசில், வால்வு மாற்றிச் சரிசெய்ய 4,000 முதல் 7,000. புதிது 12,000-க்கு மேல். ஒன்று கெட்டதற்கு நான்கையும் மாற்றச் சொன்னால் பெஞ்ச் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். இன்ஜெக்டர் தலையில் குறியீடு பொறித்திருந்தால் அதை ஸ்கேனர் மூலம் இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வில் ஏற்றினால்தான் வேலை முடிந்தது.

பிக்கப் இல்லை, ஏற்றத்தில் இழுக்கவில்லை

இந்த இன்ஜின் 1,800 ஆர்.பி.எம்.முக்குக் கீழே சோம்பலாகத்தான் இருக்கும், அதன் இயல்பு அது. இரண்டாம் கியரில் அந்த எல்லையைத் தாண்டியதும் முதுகைத் தள்ளுவது போல வேகம் பிடிக்க வேண்டும். அந்தத் தள்ளல் இல்லை என்றால்தான் பழுது. முதலில் ஒரு கேள்வி: கூடவே கறுப்புப் புகை வருகிறதா?

கறுப்புப் புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடுத்து, டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஓஸ்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது “உஸ்ஸ்” என்று காற்று சீறினால் அநேகமாக இவைதான். கிழிசல் பெரும்பாலும் ஓஸின் அடிப்பக்கத்திலோ கிளிப்புக்குக் கீழோ இருக்கும். மேலிருந்து பார்த்தால் முழுசாகவே தெரியும். ஓஸைச் சுற்றிக் கையை ஓட்டுங்கள். வெளியே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பசையாக ஒட்டும் இடத்தில் கட்டை விரலால் அழுத்தினால் வெடிப்பு வாய் திறக்கும். ஓஸ் 1,200 முதல் 3,000. டேப் சுற்றி ஓட்டுவது வீடு போய்ச் சேர மட்டும்.

ஓஸ் நன்றாக இருந்தால், எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு. நகரத்துக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டியில் இது கரி பிடித்துத் திறந்தபடி நின்றுவிடும். ஐடிலில் நடுக்கம், குறைந்த வேகத்தில் ஜெர்க், கறுப்புப் புகை மூன்றும் சேர்ந்தே வரும். கழற்றிச் சுத்தம் செய்ய 1,000 முதல் 2,000. கார்ப் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும் போதும், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் வால்வு இருக்கை கீறிப் போகும். மோட்டார் பகுதியே செத்திருந்தால் புது வால்வு 6,000 முதல் 10,000. தகடு வைத்து அடைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. புகைச் சோதனைச் சட்டத்துக்கு அது விரோதம், இன்ஜின் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். மாதம் ஒரு முறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் 2,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஓட்டினால் அடைப்பு வெகுவாகக் குறையும்.

இவை எல்லாம் பார்த்த பின்தான் டர்போ. ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, நின்ற இன்ஜினில் டர்போவின் நடுத்தண்டை இரு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும். அங்கே ஆயில் படலத்துக்கு விட்ட இடைவெளி அது, பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது ஆட்டம் கையில் தட்டுப்பட்டாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய வட்டக் கீறல் தெரிந்தாலோ டர்போ முடிந்தது. குழாயின் உட்புறம் லேசான எண்ணெய்ப் பூச்சு எல்லா வண்டியிலும் உண்டு. தேங்கி நிற்பதுதான் கோளாறு.

இந்த 75 பி.எஸ். இன்ஜினில் இருப்பது எளிய நிலை வடிவ (உள்ளமைப்பு மாறாத) டர்போ. நடுக்கூட்டை மட்டும் மாற்றினால் 9,000 முதல் 14,000, முழுசாகப் புதிது 20,000 முதல் 28,000. எதுவானாலும் ஆயில் வரும் பைப்பைக் கழுவவோ மாற்றவோ வேண்டும், இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கொட்ட வேண்டும், ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட வேண்டும், டர்போ வாயில் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டுப் பூட்ட வேண்டும். பழைய டர்போ ஏன் செத்தது என்று பார்க்காமல் பூட்டிய புது டர்போ ஆறு மாதம் தாங்காது.

இன்டர்கூலரில் ஆயிலை விட்டுவைத்தால் இன்னோர் ஆபத்து உண்டு. இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தானாகக் கத்த ஆரம்பிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. பின்னால் வெண்புகை மண்டும். அந்த நேரத்தில் பானெட்டுக்குள் தலையை விடாதீர்கள். டாப் கியர் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும்.

புகையே இல்லாமல் பிக்கப் மட்டும் இல்லை என்றால் டீசல் குறைகிறது: டீசல் ஃபில்டர், பிறகு ரெயில் பிரஷர். இன்ஜின் விளக்கு எரிந்து, 2,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏற மறுத்தால் இ.சி.யூ. தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைத்திருக்கிறது. ஸ்கேன் போட்டால் காரணம் தெரியும். ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம், அது கிளட்ச்.

நீலப் புகை, வெள்ளைப் புகை

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீலா, பிஸ்டன் ரிங்கா என்று பிரிக்க ஒரு சோதனை போதும். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கவிழ்த்து அப்படியே வாயின் மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி. எகிறிக் கீழே விழுந்து, புகையும் குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, ரிங் தேய்ந்துவிட்டது. இன்ஜின் முழு வேலை 60,000 முதல் ஒரு லட்சம் வரை போகும். வாங்கப் போகும் வண்டியில் இதைக் கண்டால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம்.

வெள்ளைப் புகை டீசல் வாடையோடு கண்ணை எரித்தால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. கண்ணை எரிக்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்.

ஸ்டார்ட் செய்ததும் சலசல சத்தம்

செயின். குளிர்ந்த இன்ஜினில் ஓரிரு விநாடி சலசலத்து அடங்கினால் டென்ஷனருக்கு ஆயில் பிரஷர் ஏறும்வரை வரும் சத்தம் அது. ஐந்து விநாடிக்கு மேல் நீண்டாலோ, ஐடிலில் டைமிங் கவர் பக்கம் சங்கிலி இழுபடுவது போலத் தொடர்ந்தாலோ செயினும் கைடும் தேய்ந்திருக்கின்றன. கிராங்க், கேம் சென்சார்கள் ஒத்துப்போகவில்லை என்று ஸ்கேனில் குறியீடும் வந்தால் செயின் நீண்டுவிட்டது.

‘செயினுக்கு ஆயுள் முழுக்கக் கவலையில்லை’ என்ற பேச்சு ஆயில் ஒழுங்காக மாற்றிய வண்டிக்கு மட்டும் பொருந்தும். கம்பெனி சொல்லும் இடைவெளி 10,000 கிலோமீட்டர். பழைய வண்டிக்கு 7,500 கிலோமீட்டரில் மாற்றுங்கள். 5W-30 தரம், அதுவும் டீசலுக்கு உரியது. சத்தத்தை மறைக்கக் கெட்டியான 20W-50 ஊற்றித் தருவதும் நடக்கிறது. டிப்ஸ்டிக்கிலிருந்து சொட்டும் ஆயில் தேன் போல இழுத்தால் சந்தேகப்படுங்கள்.

செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் என முழு செட்டாக மாற்ற 10,000 முதல் 16,000. செயினை மட்டும் மாற்றிக் கொடுப்பவரிடம் வேலை விடாதீர்கள். டைமிங் பூட்டும் பின் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். பெயின்ட் குறி வைத்துக் கண்ணளவில் பூட்டுவது இந்த இன்ஜினுக்கு ஆகாது. ஓடும்போது செயின் அறுந்தால் வால்வை பிஸ்டன் அடிக்கும், ராக்கர்கள் முறியும், ஹெட் வேலை 30,000-க்குக் குறையாது.

ஹீட் ஆகிறது, கூலன்ட் குறைகிறது

பேட்டரி விளக்கும் எரிந்து, ஹீட்டும் ஏறினால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டுங்கள். ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே வெளிப்புற பெல்ட்தான் சுற்றுகிறது, அது அறுந்துவிட்டது. பெல்ட் 700 முதல் 1,500. அறுந்த பெல்ட்டோடு ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் வளைந்து இருபதாயிரம் கேட்கும்.

மற்றபடி, ஃபேன் சுற்றுகிறதா, ரேடியேட்டர் ஓரங்களில் பச்சை அல்லது வெள்ளைக் கறை இருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். நம் ஊரில் இன்னொரு காரணம் போர் தண்ணீர். கூலன்ட்டுக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் ரேடியேட்டர் மூடியின் உட்புறம் சுண்ணாம்பு போலப் படிந்திருக்கும். ரேடியேட்டர் 3,500 முதல் 6,000, வாட்டர் பம்ப் 2,000 முதல் 4,000, தெர்மோஸ்டாட் 1,200 முதல் 2,500.

இனி, பலர் ஏமாறும் இடம். கூலன்ட் டப்பாவில் பழுப்பாக, மோர் போல ஆயில் மிதக்கிறது. பார்த்த உடனே “ஹெட் கேஸ்கட், இருபதாயிரம்” என்பார்கள். பொறுங்கள். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கூலன்ட்டில் ஆயில் இருக்கிறது, ஆனால் ஆயிலில் கூலன்ட் இல்லை, இன்ஜின் மிஸ்ஸிங் இல்லை, வெள்ளைப் புகை இல்லை என்றால் முதல் சந்தேகம் ஆயில் ஃபில்டர் கூட்டோடு ஒட்டியிருக்கும் ஆயில் கூலர். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் பிரஷர் கூலன்ட்டைவிட அதிகம், அதனால் உள்ளே கசியும் ஆயில் கூலன்ட்டுக்குள்தான் போகும். கூலரும் சீலும் மாற்ற 4,000 முதல் 8,000. பிறகு முழு வட்டத்தையும் மூன்று நான்கு தடவை கழுவ வேண்டும். ஆயிலில் ஊறிய ரப்பர் ஓஸ் உப்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

உண்மையிலேயே கேஸ்கட் போயிருந்தால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ரேடியேட்டர் ஓஸ் கல்லாக இறுகும், டப்பாவில் குமிழி வரும்.

கிளட்ச்

நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் பிளேட் தேய்ந்தது. பெடலை மிதிக்கும்போது மட்டும் கரகரத்தால் ரிலீஸ் பேரிங். பிளேட், கவர், பேரிங் மூன்றும் சேர்த்து 8,000 முதல் 12,000. கியர்பாக்ஸை இறக்கும் கூலியே பெரிசு என்பதால் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். இறக்கியபோதே கிராங்க் பின் சீல் ஒழுகுகிறதா பார்த்துவிட்டால் சில நூறு ரூபாயோடு போகும்.

அடியில் சத்தம்

சின்னப் பள்ளத்தில் டக் டக் என்றால் லிங்க் ராடு; ஜோடி 1,200 முதல் 2,000. பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரு “டொக்” என்றால் லோயர் ஆர்ம் புஷ். ஆர்மோடு மாற்றினால் பக்கத்துக்கு 2,000 முதல் 3,500. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடும் சத்தம் ஸ்ட்ரட் மவுன்ட். கரடுமுரடான சாலையில் ஸ்டீயரிங்கிலேயே கடகட என்று கைக்கு வந்தால் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக் அல்லது ஸ்டீயரிங் தண்டு (காலம்); இதில் அவசரப்படாமல் முதலில் மேற்சொன்ன மூன்றையும் விலக்குங்கள், ஏனென்றால் ரேக் 8,000 முதல் 15,000. 60-க்கு மேல் விமானம் போல ஓர் உறுமல், வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்: 1,500 முதல் 2,500.

ஏ.சி.

கேஸ் நிரப்பி இரண்டு மாதத்தில் மறுபடி குளிர்ச்சி போனால் மறுபடி நிரப்பாதீர்கள், கசிவைத் தேடுங்கள். கன்டன்சர் முன்னால் இருப்பதால் கல்லடி. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் அரித்துப் போகும். காயில் வேலை கேஸோடு 6,000 முதல் 9,000, கம்ப்ரஷர் 15,000 அளவில்.

வாங்குபவர் கவனத்துக்கு

டாக்ஸியாக ஓடி, டி-போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய டிசையர்கள் சந்தையில் நிறைய. மீட்டர் எண்பதாயிரம் காட்டும். பெடல் ரப்பரின் வரி வழவழத்திருப்பது, ஸ்டீயரிங் தோல் மினுமினுப்பது, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கியிருப்பது ஆகியவை மீட்டரைவிட உண்மை பேசும். ஆர்.சி.யின் வரலாற்றில் வாகன வகை மாற்றம் இருக்கிறதா பாருங்கள். டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கு வந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகளும் உண்டு, என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு எல்லாம் கூட்டினால் மலிவு கரைந்துவிடும். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. 2012 வண்டி என்றால் 2027-இல் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலையில் கழியுங்கள்.

வண்டி கைக்கு வந்த வாரமே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், பெல்ட் ஆறையும் மாற்றிவிடுங்கள். 8,000 முதல் 11,000-க்குள் முடியும். மாற்றிய அன்று டிப்ஸ்டிக் மட்டத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக 1,000 கிலோமீட்டர் ஓடியபின், அதே சமதளத்தில், காலையில் குளிர்ந்த இன்ஜினில் மறுபடி பாருங்கள். மட்டம் அப்படியே இருந்தால் அடுத்த 7,500 வரை நிம்மதியாக ஓட்டலாம். கால் லிட்டருக்கு மேல் குறைந்திருந்தால் டர்போ ஓஸையும் பேக் கம்ப்ரஷனையும் அந்த வாரமே சோதியுங்கள்.